ஒரு சாண் இடம்

என் எழுத்தை அவள் 'நல்லாருக்கு' என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவைக்காகத்தான் இன்றுவரை அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றபடி அவள் சொன்ன குறைகளுக்குக் கணக்கே கிடையாது. அத்தனையையும் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். தூத்துக்குடியில் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் கேக் வாங்கியவர்கள் அவள் எழுத்தைத் தின்றிருப்பார்கள். ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவதுதான் அவள் வேலை. க்ரீம் கோனைக் கையில் எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பெயர் முடியும்வரை விடமாட்டாள். அவள் சேலையில் எப்போதும் வெனிலா எசன்ஸ் வாசனை அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பசி எடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அழகாக எழுதிப் பழகுகிற கூட்டம். சொல்லிக்கொடுக்க வாத்தியார் யாரும் இல்லை. இடம் பிடித்துக் கொடுத்தது ஒரு டிராயிங் மாஸ்டர். மற்றபடி அவரும் எங்களில் ஒருவர்தான். அந்த வாரம் எழுதியதை எல்லாரும் கொண்டுவந்து தரையில் பரப்ப வேண்டும். பெயர் போடக்கூடாது. சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்து மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் சட்டம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை தமாஷானது. நான் உடன்குடிக்காரி. கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறவருக்கு. மதியம் அவர் சாப்பிட வரும் நேரம் நான் போய்க் கல்லாவில் உட்காருவேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் 'உடன்குடிக் கருப்பட்டி', 'சுக்குக் கருப்பட்டி', 'பனங்கற்கண்டு' என்று சாக்பீஸில் எழுதி வைப்பேன். வருகிறவர்கள் எல்லாம், "யாரு எழுதுனது, அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வீங்கிப்போயிருந்தது. அந்த வீங்கிய தலையோடுதான் முதல் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினேன்.

என் தாளைத் தரையில் வைத்தேன். டிராயிங் மாஸ்டர் பார்த்தார். "அருமை! சூப்பர்!" என்றார். அவர் எதைப் பார்த்தாலும் அருமை, சூப்பர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. மற்றவர்களும் நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். கடைசியாக அவள் வந்தாள். தாளை எடுத்தாள், தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

"என்னக்கா, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க?"

"நேராப் பிடிச்சா படிச்சிருவேன். படிக்க ஆரம்பிச்சா எழுத்து கண்ணுக்குத் தெரியாது" என்றாள். காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எழுத்துகளின் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். தாள் முழுவதும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இது கம்ப்யூட்டர் எழுத்தப் பாத்து எழுதுனது. இதுல உன் கை எங்கன இருக்கு? ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் மூச்சு விட இடமில்ல. அதுக்குள்ள எதுக்கு இவ்வளவு கொடி?"

கொடி என்றால் எழுத்தின் தலையையோ வாலையோ இழுத்து, வளைத்து, நெளித்து விடுகிற அலங்காரம். எங்கள் கூட்டத்தில் அதற்கு அந்தப் பெயர்தான். என் தாளில் கொடி ஓடாத எழுத்தே கிடையாது. பூசணிக்கொடி மாதிரி கண்ட இடத்திலெல்லாம் படர்ந்திருந்தது.

"மொதல்ல செடி நிக்கட்டும்ளா. கொடிய அப்புறம் வளக்கலாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது அழுதேன். நாற்பது வயதுக்காரி, பக்கத்தில் மீன் கூடையோடு இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஏனென்றால் வீட்டுக்கு வந்து தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருந்தேன். அவள் புள்ளி வைத்த ஒவ்வொரு இடமும் சரி. பாவி மகள், ஒரு புள்ளிகூடத் தவறாக வைக்கவில்லை.

அதற்குப்பின் என் ஞாயிறுகள் எல்லாம் அவளுடையவை ஆயின. 'ழ' எழுதப் போனால் அந்த ஒரு எழுத்தை மட்டும் வாரக்கணக்கில் எழுதச் சொல்வாள். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "ஏளா, ஒன்னய ஒண்ணாங் கிளாஸ்ல ஃபெயிலாக்கிட்டாங்களா?" என்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஊரிலிருந்து பனை மட்டை கொண்டுவரச் சொல்லி, காய்ந்ததும் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டிப் பேனா செய்துகொண்டேன். கடையில் வாங்கும் பட்டை நிப்பைவிட அதுதான் என் கைக்கு அடங்கியது. அதைப் பார்த்தபோதுகூட அவள் நல்லது சொல்லவில்லை. "வெட்டு கோணலா இருக்கு. மை ஒரு பக்கமாத்தான் எறங்கும்" என்றாள். கோணலாகத்தான் இருந்தது.

வாட்ஸ்அப்பிலும் எங்களுக்கு ஒரு குழு உண்டு. யார் எதைப் போட்டாலும் கட்டைவிரலும் பூங்கொத்தும் வந்து குவியும். அவள் மட்டும் குரலில் பேசி அனுப்புவாள். பின்னால் ஓவன் கதவு அடிக்கிற சத்தமும், "அக்கா, ரெண்டு கிலோ பிளாக் ஃபாரஸ்ட்" என்று யாரோ கத்துகிற சத்தமும் கேட்கும். நடுவில் அவள், "மூணாவது வரி கடல்ல ஆடுன மாதிரி ஆடுது, கவனி" என்பாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். பைத்தியம்தான். வேறென்ன சொல்ல?

ஒரு ஞாயிறு டிராயிங் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெண் தன் அக்கா கல்யாணத்துக்கு அழைப்பிதழ் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மாஸ்டர் வழக்கம்போல அருமை, சூப்பர் என்றார். இவள் விடவில்லை.

"சார், மாப்பிள்ள பேரு கீழ எறங்கிக் கெடக்கு. உங்க கண்ணுல படலியா?"

"பட்டுச்சும்மா. பிள்ள ஆசையாக் கொண்டாந்திருக்கு, எதுக்கு மனசக் கெடுப்பானேன்னுதான்..."

"அத அப்படியே அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தபெறவு அவ மனசு கெடாதா? குறை தெரிஞ்சும் சொல்லாம வுடுதீங்களே, அது அவள ஏமாத்துறதுதான் சார்."

மாஸ்டர் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூஞ்சிக்கு நேரே ஒன்றும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் பேசுகிறவர்களைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன், சொந்தக்காரர்களையும் சேர்த்து. இப்படி ஒருத்தி வேண்டுமே என்று இருந்தது.

அடுத்தவர்களுக்கு மட்டும்தான் அவள் அப்படி என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை அவள் தாளில் நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அக்கா, இந்த 'ண'வுல மூணாவது சுழி நசுங்கின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் தாளைத் திருப்பினாள், பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து, என் மடியில் ஒரு புதுத் தாளைப் போட்டு, "இப்பப் பாரு" என்றாள். பார்த்தேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதிலிருந்து நாங்கள் நெருங்கினோம். கடையிலிருந்து கருப்பட்டி எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவேன். எனக்கென்று எடுத்து வைத்திருக்கும் உடைந்த மக்ரூனைப் பொட்டலமாகக் கட்டித் தருவாள். கேக்குக்கு ஆள் இல்லாத நேரம் பட்டர் பேப்பரில் க்ரீமால் எழுதி, வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி எழுதிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம் என்னவோ பேச்சில், "ஒனக்கு என்னளா ஆசை? இவ்வளவு எழுதி எழுதி எங்க கொண்டு வைக்கப் போற?" என்று கேட்டாள்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான், அதை அவளிடம் அன்றே சொன்னேன். "கரும்பலகைல எழுதுனா மழ வந்தா போயிருது. தாள்ல எழுதுனா பரணுக்குப் போயிருது. ஒரே ஒரு தடவ, என் எழுத்து ஊர் பாக்க வெளிய நிக்கணும்க்கா. அது போதும்."

அவள் சிரித்தாள். அவளும் ஒன்று சொன்னாள். அவள் கடலோரத்து ஆலந்தலைப் பெண். அப்பாவுக்கு மீன்பிடி வள்ளம் உண்டு. சின்ன வயதில் அவர் புது வள்ளம் வாங்கியபோது, பெயரை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். "பொட்டப்பிள்ள கை வள்ளத்துல படக்கூடாதுன்னுட்டாவ. பட்டா மீன் படாதாம். அப்பா செத்தபெறவு அண்ணன்மாருட்டயும் கேட்டேன். அவனுவளும் அதேதான் சொன்னானுவ. போன்னு வுட்டுட்டேன். இப்ப எழுதுததெல்லாம் கொளுத்தி ஊதி வெட்டித் திங்கதுக்கு." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் கூடச் சிரித்தேன்.

கிளாட்வின் எங்கள் கடை வாடிக்கை. திரேஸ்புரம் பக்கம் வள்ளம் வைத்திருக்கிறவர். கடலுக்குப் போகும்போது கொண்டுபோகிற கடுங்காப்பிக்குக் கருப்பட்டி எங்கள் கடையில்தான் வாங்குவார். ஒருநாள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"எக்கா, இது யாரு எழுதுனது?"

"நான்தான். ஏன் கேக்கீங்க?"

"புது வள்ளம் எடுத்திருக்கேன். எங்கம்மா பேரு வைக்கப் போறேன், சிசிலியம்மாள்னு. ஸ்டிக்கர் வெட்டி ஒட்டச் சொல்லுதாவ. எனக்கு மனசு வரல. கையால எழுதணும். நீங்க எழுதித் தாரீங்களா?"

"பொம்பள கை வள்ளத்துல படக்கூடாதுன்னு சொல்லுவாங்களே தம்பி?"

"எங்கம்மாவே பொம்பளதானக்கா" என்றார். "அவ மீன் வித்த காசுலதான் நான் மொத வள்ளமே வாங்குனேன்."

அன்றைக்கே பேக்கரிக்கு ஓடினேன். முதலில் அவளிடம்தான் சொன்னேன். கேக்கில் யாரோ ஒரு பிள்ளையின் பெயரைப் பாதி எழுதியிருந்தாள். கேட்டுவிட்டு மீதியையும் எழுதி முடித்தாள். "எந்த வள்ளம்?" என்றாள். சொன்னேன். "பெரிய வேலதான். மொத முழு அளவுக்குத் தாள்ல போட்டுக் கொண்டா, பாப்போம்" என்றாள். அவள் முகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. என் சந்தோஷத்தில் எதிரே சுவர் இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

தாளைத் தாளோடு ஒட்டி வள்ளத்தின் அளவுக்கு எழுதினேன். வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லாமல் போனது. என் வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு போய்வந்தார், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. சிசிலி என்ற பெயரில் 'சி', 'சி', 'லி' என்று மூன்று விசிறி வரும், எழுத்தின் தலைக்கு மேல் வளைகிற கோடு. அந்த மூன்றையும் ஒன்றைவிட ஒன்று பெரிதாக, அலை எழும்பி வருகிற மாதிரி மேலே ஏற்றினேன். கடைசி விசிறியின் கொடி வள்ளத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு முன்பக்கம் வரை ஓடி வளைந்து நின்றது. எத்தனையோ தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். செடி நின்றபிறகுதான் கொடி விட்டேன், அவள் சொன்ன மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஒட்டி நிறுத்தினோம். தலைகீழாகத் திருப்ப முடியாத அளவு. எல்லாரும் பார்த்தார்கள். மாஸ்டர் அன்றைக்கு 'சூப்பர்' சொல்லவில்லை. கிட்டே போய் மறுபடி பார்த்தார். அவள் தள்ளிப் போய் நின்றாள், கிட்டே வந்தாள், மறுபடி தள்ளிப் போனாள். பென்சிலை எடுத்துக்கொண்டு மேலே ஓடிய கொடியின் பக்கம் கையை உயர்த்தினாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"நல்லாருக்குளா" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "மேல கொடி விளிம்பு வரைக்கும் போகுதேக்கா. கொஞ்சம் எறக்கிரட்டுமா?"

"வேண்டாம். அதுதான் அழகு. ஒண்ணையும் தொடாத, அப்படியே போடு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியில் இறங்கி லட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரரிடம், "அவ நல்லாருக்குன்னு சொல்லிட்டா" என்றேன். "எவ?" என்று கேட்டார். எவளாம்!

வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது, நீல நிறம். மஞ்சள் எனாமலில் எழுதினேன். வெயில் ஏறுமுன் தொடங்கி இரண்டு நாள் ஆனது. கிளாட்வினின் மாமா ஒருவர் பொம்பளை எழுதுகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எழுதி முடித்த பிறகு திரும்பி வந்து பார்த்துவிட்டு, "சிசிலி சிரிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஃபாதர் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். வள்ளம் தண்ணீரில் இறங்கியபோது கரையில் நின்ற எல்லாருடைய பார்வையும் அந்தப் பெயரின் மேல்தான். பக்கத்து வள்ளக்காரர்கள் இரண்டு பேர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். என் ஆயுசில் அப்படி ஒரு காலை அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

பிறகு கிளாட்வின் கடைக்கு வருவது நின்றது. நம்பர் வாங்கியவர்களும் கூப்பிடவில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆயிரம் வேலை என்று இருந்தேன். கொஞ்ச நாள் கழித்து மனசு கேட்காமல் நானே கரைக்குப் போனேன். கிளாட்வின் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வள்ளத்தின் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

மூன்று விசிறியும் இல்லை. மேலே ஓடிய கொடி இருந்த இடத்தில் வெறும் கீறல். ஈயக் குண்டு கோத்த வலைக்கயிறு அந்தப் பக்கமாகத்தான் ஏறுமாம். ஒவ்வொரு நாளும் விளிம்பில் தேய்த்துத் தேய்த்து, எழுத்தின் தலையையெல்லாம் சீவி எடுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் மஞ்சள் பளபளவென்று இருந்தது.

"கடல்ல பாக்கவன் எல்லாம் கேக்கான்க்கா, ஒங்கம்மா தலைய எவன்ல அறுத்தான்னு" என்றார் கிளாட்வின். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. குரல் கம்மிப்போயிருந்தது. "ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க தேரிக்காட்டுச் செம்மண்ணுல பெறந்தவுக. ஒங்களுக்கென்ன தெரியும்?"

நேரே பேக்கரிக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன்? அவள் முன்னால் நின்று அழுதேன். ஒரு தாயின் பெயரை இப்படிப் பண்ணிவிட்டேனே என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவள் ஒரு கேக்கைப் பெட்டிக்குள் வைத்து நூல் கட்டிக்கொண்டிருந்தாள். "பெயிண்ட்தானளா, தேஞ்சா தேஞ்சிட்டுப் போகுது. அழாத" என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரையும் நான் வாங்கிக் குடித்தேன்.

காசு வாங்காமல் திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று இரண்டு வாரம் கழித்துப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். வள்ளத்தில் புதுப் பெயர் இருந்தது. தூரத்திலிருந்தே யாருடைய எழுத்து என்று தெரிந்துவிட்டது. அந்த 'ம'வின் வளைவை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எதைப் பார்த்தேன்? விளிம்புக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டு, அதற்குக் கீழேதான் எழுத்தைத் தொடங்கியிருந்தாள். மேலே ஒரு கொடிகூடப் போகவில்லை. எல்லாவற்றையும் கீழ்ப்பக்கமாக இழுத்து விட்டிருந்தாள்.

"பாப்பா பெறந்தநாளுக்குக் கேக்கு வாங்கப் போனேன்க்கா" என்றார் கிளாட்வின், என் கையிலிருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "அந்தக்கா எழுத்தப் பாத்துட்டு சும்மா கேட்டேன். வந்து வள்ளத்தத் தொட்டுப் பாக்கக்கூட இல்ல, நிக்க எடத்துலருந்தே சொல்லிட்டாவ. இது வல இழுக்க பக்கம்லா, மேல ஒரு சாண் வுடணும், எங்கப்பா வள்ளத்துலயும் அப்படித்தான்னு. மத்த வள்ளக்காரங்களும் இப்ப அவுகளத்தான் கேட்டிருக்காவ."

நிற்கிற இடத்திலிருந்தே சொன்னாளாம். என் தாளின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாள்! நானே வாய்விட்டுக் கேட்டேனே, எறக்கட்டுமா என்று!

பேக்கரியில் கூட்டம் இருந்தது. கூட்டமாவது ஒன்றாவது, நான் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் கையில் க்ரீம் கோன் இருந்தது. என்னைப் பார்த்ததும் கீழே வைத்தாள்.

"ஒனக்குத் தெரியும்லா?" என்றேன். அதுவரை அவளை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"கைய வேற தூக்குன. புள்ளி வைக்கத்தான தூக்குன?"

"ஆமா."

"பெறவு ஏன் சொல்லல? மாஸ்டர அத்தன பேருக்கு முன்னால அந்தக் கேள்வி கேட்டியே, நீ ஏன் சொல்லல?"

கையைத் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்டு வள்ளத்துலயே என்னய வுடல. நீ கருப்பட்டிக் கடையிலருந்து எந்திரிச்சுப் போயி எழுதப் போற. கேட்டதுலருந்து எனக்கு நெஞ்செல்லாம் தீயா எரிஞ்சிச்சு. அன்னைக்குச் சொல்லணும்னுதான் கையத் தூக்குனேன். வாய் வரல. மாதா மேல சத்தியமா வாய் வரல."

"வாய் வராமலா? நல்லாருக்குன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா? பொய் சொல்ல மட்டும்?"

"அது பொய்யில்லளா."

வெளியே யாரோ, "அக்கா, கேக் ரெடியா?" என்று குரல் கொடுத்தார்கள். அவள் திரும்பவில்லை. என்னை நேராகப் பார்த்துப் பேசினாள், எப்போதும் குறை சொல்லுகிற அதே குரலில்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு எடம் விடாமத் தேடுனேன், குத்தம் கெடைக்கல. நான் அப்படி ஒண்ணு எழுதுனதில்ல, இனி எழுதவும் மாட்டேன். ஒரு சாண் கீழ எறக்கு, அவ்வளவுதான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அது அழியாம அப்படியே கடல்ல நின்னிருக்கும். அதுக்குப் பெறவு என்னய யாரு கேப்பா?"

எதையாவது எடுத்து அடித்து உடைக்கலாம் என்றுதான் போயிருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போது அடுக்கி வைத்திருந்தேன். ஆனால், 'நல்லாருக்கு' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை ஞாயிறும் மாடிப்படி ஏறினேன். அதைக் கொடுத்த கையோடு என் கழுத்தையும் அறுத்துவிட்டாள். வார்த்தையை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவள் மூஞ்சியில் விட்டெறியவும் முடியவில்லை. வந்துவிட்டேன்.

அதற்குப்பின் அந்த மாடிக்கு நான் போகவில்லை. அவள் நாலைந்து தடவை குரல் அனுப்பினாள். திறந்து கேட்கவில்லை. கடைக் கரும்பலகையை இப்போது என் வீட்டுக்காரர் எழுதுகிறார், கோழி கிளறின மாதிரி. 'உன் எழுத்து மட்டமா இருந்துச்சு, மனசு நோகுமேன்னு சொல்லல' என்று அன்றைக்குப் பேக்கரியில் அவள் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், மறு ஞாயிறே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.